வாரேனோ என்றொரு திராட்சை

எனக்கு ஒயினைப் பற்றித் தெரியும் என்று நாமக்கல்லில் நம்புகிறவன் நான் ஒருவன்தான். என் மனைவி நம்புவதில்லை. லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் என்னோடு முப்பது வருடம் வேலை பார்த்தவர்களும் நம்புவதில்லை. ஆனாலும் எனக்குத் தெரியும். நாங்கள் பாடி கட்டிக் கொடுத்த ஒரு லாரி நாசிக்குக்கு வெங்காயம் ஏற்றப் போனபோது, பாடி எப்படித் தாங்குகிறது பார்ப்போம் என்று நானும் ஏறிப் போயிருந்தேன். அங்கே மழை பிடித்துக்கொண்டதில் லோடு இரண்டு நாள் தள்ளிப்போனது. பக்கத்தில் ஓர் ஒயின் தொழிற்சாலை, வருகிறவர்களை உள்ளே கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்றார்கள். டிரைவர் கேபினிலேயே தூங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். நான் போனேன்.

அங்கே ஒரு பெண் எங்களுக்குப் பாடம் எடுத்தாள். கிளாஸைச் சுழற்ற வேண்டும். மூக்கை உள்ளே விட வேண்டும். வாயில் ஊற்றியதும் விழுங்கிவிடக் கூடாது, கொஞ்சம் காற்றை உறிஞ்சி நாக்கில் உருட்ட வேண்டும். திராட்சையின் பெயர்களாக ஒரு டஜன் சொன்னாள், ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. ஒரே ஒரு செய்தி மட்டும் ஒட்டிக்கொண்டது. கறுப்புத் திராட்சையைப் பிதுக்கினால் உள்ளே சதை வெளுப்பாகத்தான் இருக்கும், சிவப்பு ஒயினுக்கு நிறம் தோலிலிருந்து வருகிறது என்றாள். சதையும் சிவப்பாக இருக்கிற ஜாதிகள் உலகத்திலேயே கொஞ்சம்தான், கண்ணில் பட்டால் விடாதீர்கள் என்றாள். அன்றிலிருந்து கறுப்புத் திராட்சையை எங்கே பார்த்தாலும் ஒன்றைப் பிதுக்கிப் பார்க்கிறேன். உழவர் சந்தையில் இரண்டு கடைக்காரர்கள் என் தலை தெரிந்தாலே கூடையைச் சாக்குப்போட்டு மூடிவிடுகிறார்கள்.

வீட்டில் ஒயினுக்கு இடமில்லை. அதனால் டீயைச் சுழற்றினேன். மூக்கை டம்ளருக்குள் விட்டு ஒரு நிமிடம் யோசித்துவிட்டு உறிஞ்சுவேன்.

"ஏனுங்க, டீயில ஈ ஏதாச்சும் கெடக்குதுங்களா?" என்பாள் மனைவி.

தெரிந்த வித்தையைக் காட்ட இடமில்லாமல் போனால் மனிதனுக்குக் கோபம் வருமா வராதா? எனக்கு வந்தது. வருடக்கணக்காக வந்தது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆவணியில் நாங்கள் இருவரும் கொல்லிமலைக்குக் கிளம்பினோம். மேலே அறப்பளீஸ்வரர் கோயிலில் மனைவிக்கு ஒரு வேண்டுதல். என்ன வேண்டுதல் என்று என்னிடம் சொல்லவில்லை. என் வாய் சம்பந்தப்பட்டதாக இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் கார் ஓட்ட எனக்குத் தைரியம் கிடையாது, அதை ஒப்புக்கொள்ளவும் தைரியம் கிடையாது. பஸ்ஸில் போனால்தான் மலையை நன்றாகப் பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன். அவள் மலையைப் பார்க்கவில்லை. பன்னிரண்டாவது வளைவில் எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்தவள் முப்பதாவது வளைவில் கவர் கேட்டாள். அதன் பிறகு நடந்ததை எழுதினால் எனக்கு ஒரு வாரத்துக்குச் சோறு கிடைக்காது.

மலை ஏறி, வளப்பூர் நாடு என்கிற ஊருக்குள் வந்து, கோயிலுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் என்கிற இடத்தில் அவளால் முடியவில்லை. கண்டக்டர் நல்ல மனிதர்.

"அம்மாவ இங்கயே எறக்கி உக்கார வைங்க சார். கோயல் வரைக்கும் போயிட்டு ஒண்ணரை மணி நேரத்துல இதே வழிதான் வருவோம். ஆரன் அடிக்கச் சொல்றேன், ஏறிக்குங்க," என்றார்.

இறங்கிய இடத்துக்கு நேர் எதிரே ஒரு வீடு. பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட இரண்டு புது அறைகள். சுவரில் நீல எழுத்தில் 'தங்கும் அறைகள் உண்டு' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு மடங்கு பெரிய சிவப்பு எழுத்தில் 'மது அருந்த அனுமதி இல்லை. மீறினால் அறை கிடையாது, சோறு கிடையாது, பேச்சு கிடையாது' என்று இருந்தது. எழுதியவர் கண்டிப்பான ஆள் என்று புரிந்தது.

வாசலை மறைத்துக்கொண்டு ஒரு பழைய மரப்பந்தல், அதன்மேல் அடர்த்தியாக ஏதோ கொடி. பந்தலுக்குக் கீழே சாமையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார் ஓர் அக்கா, அறுபத்தைந்து வயது இருக்கும். என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் கையைத் தட்டிவிட்டு எழுந்து வந்தார்.

"வா கண்ணு, வந்து உக்காரு. வளைவு ஆளையே தின்னுபோட்டுதாட்டம் இருக்குது," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். உள்ளே போய் ஓர் எவர்சில்வர் டம்ளரோடு திரும்பினார். அதில் கருஞ்சிவப்பாக ஏதோ இருந்தது. "மருந்து கண்ணு. குடி, வவுறு அடங்கீரும்."

"என்னங்கக்கா போட்டிருக்குது?" என்றாள் மனைவி, ஈனக் குரலில்.

"மொளகு, சுக்கு, நாட்டுச்சக்கரை, அப்பறம் நம்ம கொடிப்பழம். அவ்வளவுதான்."

மனைவி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். ஐந்து நிமிடத்தில் கண்ணைத் திறந்தாள். பத்து நிமிடத்தில் கன்னம் சிவந்தது. "நல்லா இருக்குதுங்கக்கா, இன்னும் ஒரு வாய் குடுங்க" என்றாள். அந்த ஒரு வாய் இன்னொரு முழு டம்ளராக வந்தது.

இரண்டாவது டம்ளர் பாதியில் என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். முதலில் என் குறட்டை. அடுத்து நாசிக். அடுத்து, நான் கார் ஓட்டப் பயந்துகொண்டு பஸ்ஸில் கூட்டிவந்தது. அது அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கடைசியில் எங்கள் போன் நம்பரைச் சொல்லி, அதை அந்தக்கா காலண்டர் அட்டையில் எழுதிக்கொள்ளும்வரை விடவில்லை.

பட்டறைக்காரன் மூக்கு சும்மா இருக்குமா? "எனக்கும் வவுறு ஒரு மாதிரியா இருக்குதுங்கக்கா" என்றேன்.

அரை டம்ளர் வந்தது. சுழற்றினேன். மூக்கை விட்டேன். காற்றை உறிஞ்சி நாக்கில் உருட்டினேன். அந்தக்கா பதறிப்போய்விட்டார்.

"ஏனுங்க, பூச்சி கீச்சி உழுந்திருச்சுங்களா?"

"அவரு அப்படித்தானுங்கக்கா, டீயவும் மோந்து பாத்துத்தான் குடிப்பாரு," என்றாள் மனைவி.

பூச்சி இல்லை. ஒயின் இருந்தது. சந்தேகமே இல்லாத சிவப்பு ஒயின். முதலில் மிளகு தொண்டையைச் சுட்டது, பிறகு புளிப்பு, அதற்குப் பின்னால் நாவல்பழம் தின்றால் வருகிற மாதிரி ஒரு துவர்ப்பு நாக்கைப் பிடித்துக்கொண்டது. நாசிக்கில் ஊற்றியதைவிட உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாசிக்கில் நான் இரண்டாவது கிளாஸ் கேட்கவில்லை.

"எத்தன நாளு வெச்சிருந்தீங்கக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒரு மண்டலம்ங்க. ஜாடியில போட்டு, வாய்க்குத் துணி வேடு கட்டி, குதிருக்குப் பொறத்தால வெச்சிருவேன். நாப்பத்தெட்டு நாளு யாரும் தொடப்படாது."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த சிவப்பு எழுத்தை இருவரும் பார்த்தோம்.

"மருந்துங்க," என்றார் அவர், கொஞ்சம் அழுத்தமாக.

"மருந்துதானுங்க," என்றேன் நான்.

எழுந்துபோய்ப் பந்தலைப் பார்த்தேன். அடித்தண்டு என் முழங்கைத் தடிமன் இருந்தது, பட்டை உரிந்து நார்நாராகத் தொங்கியது. கொத்துகள் சிறியவை. பழங்கள் கோலிக்குண்டைவிடச் சின்னவை, மேலே சாம்பல் பூசின மாதிரி கறுப்பு. ஒன்றைப் பறித்தேன். வழக்கம்போலப் பிதுக்கினேன். விரலெல்லாம் சிவப்பு. தோலை உரித்துப் போட்டுவிட்டு வெறும் சதையைப் பிதுக்கினேன். அதுவும் பீட்ரூட் மாதிரிச் சிவப்பு. இன்னொன்றைப் பறித்து அதையும் பிதுக்கினேன். சிரிக்காதீர்கள். எத்தனை வருடம், எத்தனை கூடை, எத்தனை கடைக்காரர்களிடம் வாங்கிய திட்டு! அது இங்கே, மிளகுக்கும் மரவள்ளிக்கும் நடுவில், ஒரு வீட்டு வாசலில் சாமைக்கு நிழல் கொடுத்துக்கொண்டு இருந்தது.

"இதுக்குப் பேரு என்னங்கக்கா?"

"கொடிப்பழம்தானுங்க. எங்க மாமியா காலத்துக்கும் முந்தி யாரோ ஒரு வெள்ளக்காரத் தொரை நடறதுக்குக் குச்சி குடுத்தான்னு பேச்சு. சும்மா தின்னாப் புளிக்கும், கொட்டை வேற. நாங்க திங்கறதில்ல, குருவிக்கு ஆவும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அதுவும் இன்னியோட சரிங்க. எம் பையன் இன்னிக்கு வெட்டறேன்னு சொல்லியிருக்கறான். ரூமுக்கு வாரவங்க காரு நிறுத்த இந்த எடத்துல தகரச் சீட்டுக் கொட்டகை போடோணுமாம். நாளைக்கு சீட்டு வந்து எறங்குது."

"வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானுங்களே?"

"என்னத்தச் சொல்லி வேண்டாங்கறதுங்க? புளிக்கற பழத்துக்கு என்ன நாயம் சொல்றது? அவங்கப்பன் குடிச்சே போய்ச் சேந்தவருங்க. அந்த வாசமே இவனுக்கு ஆவாது. நான் போடறத இருமல் மருந்துன்னு நெனச்சுக்கிட்டு இருக்கறான். நெசம் தெரிஞ்சா வேரோட புடுங்கி வீசிப்போடுவான்." சாமையைக் காலால் ஒருமுறை கிளறிவிட்டார். "பொழுதெறங்க ஒரு மூடி குடிப்பேங்க. மூட்டு வலி அடங்கும். மனசும் கொஞ்சம் எளகும். எனக்குன்னு வேற என்னங்க இருக்குது?"

எனக்கு அந்த அக்காவைப் பிடித்துவிட்டது. அந்த அரை டம்ளரும் சேர்ந்து பிடிக்க வைத்திருக்கலாம். அந்தக் கொடி வெட்டப்படக் கூடாது என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அதற்குள் மோட்டார் பைக் சத்தம். "நீங்க வெவரமானவங்களாட்டம் இருக்கறீங்க சாமி, நாலு வார்த்தை சொல்லிப் பாருங்க. மருந்துப் பேச்ச மட்டும் எடுத்துடாதீங்க," என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். மகன் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். பைக்கின் பின்னால் கயிறும் கொடுவாளும் கட்டியிருந்தது. எங்களுக்கு வணக்கம் சொன்னார், மரியாதையாக, சிரிக்காமல். சிவப்பு எழுத்தை எழுதியது இவர்தான் என்று முகமே சொன்னது.

நான் தொண்டையைச் செருமினேன். ஒயின் திராட்சையை ஒயின் என்ற சொல்லே இல்லாமல் புகழ வேண்டும். பட்டறையில் எத்தனையோ ஓட்டைகளை பெயிண்ட் அடித்து மறைத்தவன் நான்.

"தம்பி, இது என்ன ஜாதின்னு தெரியுங்களா?"

"புளிப்பு ஜாதிங்க," என்றார் அவர், கயிற்றை அவிழ்த்தபடி.

"வெளிநாட்டு ஜாதிங்க தம்பி. ஒலகத்துலயே கொஞ்ச எடத்துலதான் இருக்குது. பாருங்க, சதையே செவப்பு." சிவந்த விரல்களை நீட்டினேன்.

அவர் விரல்களைப் பார்த்தார். "இத வெச்சு அங்க என்ன பண்ணுவாங்க?"

அதுதான் கேட்கக் கூடாத கேள்வி. அவருக்குப் பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தார், இரண்டு கைகளாலும் முந்தானையை முறுக்கியபடி.

"ஜூஸு," என்றேன்.

"புளிக்குமேங்க."

"புளிப்பு ஜூஸுதான். அங்க குளிரு பாருங்க, புளிச்சாத்தான் புடிக்கும்."

நாற்காலியிலிருந்து என் மனைவி விக்கிக்கொண்டே சிரித்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"எந்த நாடுங்க?"

"இத்தாலி."

"பேரு?"

நாசிக் பெண் சொன்ன ஒரு டஜன் பெயர்களில் ஒன்றாவது வந்து நிற்கக் கூடாதா? ஒன்றும் வரவில்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றேன். சரியாக அந்த நேரத்தில் ரோட்டில் ஹாரன் அடித்தது. மனைவி எப்போது எழுந்து போனாள் என்று தெரியவில்லை, நடுரோட்டில் பஸ்ஸை மறித்த மாதிரி நின்றுகொண்டு, ஊரே கேட்கும்படி கத்தினாள்.

"ஏனுங்க! பஸ்ஸு வந்திருச்சுங்க! வாரீங்களா, இல்ல இங்கயே ஊட்டோட மாப்பிள்ளையா இருந்துக்கறீங்களா?"

முப்பத்தொரு வருடப் பழக்கம். வாய் தானாகப் பதில் சொன்னது.

"வாரேன்…"

மகன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்ற பார்வை. இனி விழுங்க முடியாது. வேறு வழியில்லாமல் ஒரு வாலை ஒட்டினேன்.

"…னோ. வாரேனோ. அதுதான் பேரு. வாரேனோ!"

அந்தக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். அடுத்த நொடி உள்ளே பாத்திரங்கள் உருண்டன. ஒரு பாத்திரம் அல்ல, அடுக்கே சரிந்த மாதிரி. நடுவே இருமல் மாதிரி ஒரு சத்தம். மகன் தலையைத் திருப்பி வீட்டுப் பக்கமே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"வாரேனோ," என்றார் நிதானமாக. "இத்தாலிங்களா?"

"இத்தாலியேதான்."

"இங்க டவர் எடுக்காதுங்க. சோளக்காடு ஊருப் பக்கம் போறப்ப போன்ல பாத்துக்கறேன்." கொடுவாளை எடுத்துப் பந்தல்காலில் கொத்தி நிறுத்தினார். அது வெட்டுவதற்கா, விட்டுவிடுவதற்கா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் நிற்கவும் இல்லை. பஸ்ஸுக்கு ஓடினேன்.

இறங்கும்போது எழுபது வளைவிலும் மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நாற்பதாவது வளைவில் ஒருமுறை கண் விழித்து, "நல்ல மருந்துங்க" என்றாள். வேண்டுதல் நிறைவேறாமல் திரும்புகிறோம் என்பதே அவளுக்கு அடிவாரத்தில்தான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் போனில் தேடினேன். அப்படி ஒரு திராட்சை எங்கேயும் இல்லை. எப்படி இருக்கும்? அது நாங்கள் தினமும் இருபது தடவை சொல்கிற வார்த்தை. கடைக்குப் போனால் வாரேன், குளிக்கப் போனால் வாரேன், கடன் கேட்க வந்தவனிடம் நாளைக்கு வாரேன். அதற்கு ஒரு வாலை ஒட்டி இத்தாலிக்கு அனுப்பி வைத்திருக்கிறேன்! சோளக்காட்டில் டவர் கிடைத்த நிமிடமே கொடி விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. வேறு ஒரு நல்ல பொய் சொல்லியிருக்கலாமே என்று பல நாள் என் மேலேயே எரிச்சலாக இருந்தது. உழவர் சந்தையில் திராட்சையைப் பிதுக்குவதையும் நிறுத்திவிட்டேன். கடைக்காரர் ஒருவர், "உடம்புக்கு ஏதாச்சுங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

அடுத்த ஆவணியில் போன் வந்தது.

"வளப்பூர்க்காரன் பேசறனுங்க, சோளக்காட்டுல நின்னு. அந்த வாரேனோ விசயமா உங்ககிட்டப் பேசோணும். போன்ல வேண்டாமுங்க. நேர்ல வாங்க." அவ்வளவுதான், அந்தக்காவின் மகன் வைத்துவிட்டார்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு அன்று போஜனம் கிடைத்தது, இறங்கத்தான் இல்லை. ஆனால் மனைவி உற்சாகமாகிவிட்டாள். "வேண்டுதல் பாக்கி இருக்குதில்லீங்க, போயிட்டு வந்தரலாம்" என்றாள். அவள் பையில் எலுமிச்சம்பழம் வைக்காததை நான் கவனித்தேன். வளைவுகளில் எல்லாம் ஜன்னலோரம் அமைதியாக உட்கார்ந்திருந்தவள், வளப்பூர் வந்ததும், "எறங்கலாமுங்க, லேசா தலை சுத்துது" என்றாள்.

கொடி இருந்தது. பழைய மரப்பந்தல் போய்ப் புதுக் கல்லுக்கால் பந்தல் வந்திருந்தது, கொத்துக்கொத்தாகக் காய்த்துக் கிடந்தது. கார்கள் ரோட்டோரமாக நின்றன. பந்தலுக்கு முன்னால் பெயிண்டில் எழுதிய ஒரு போர்டு: 'வாரேனோ. இத்தாலி நாட்டு அபூர்வத் திராட்சை. தொடாதீர்கள்.' ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அதன்முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. "இத்தாலியில இதத்தான் சட்னி அரைப்பாங்க" என்று குடும்பத் தலைவர் பிள்ளைகளுக்கு விளக்கினார். நான் ஒரு பொய்தான் சொன்னேன், அது குட்டி போட்டிருந்தது. வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருமைதான் ஒரு பிடி கூட என்று ஒப்புக்கொள்கிறேன்.

மனைவி நேராகச் சமையலறைக்குள் போய்விட்டாள். மகன் என்னை மட்டும் தனியாக, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனார்.

"போன மாசம் பெங்களூருல இருந்து ஒருத்தரு வந்தாருங்க. திராட்சையப் பத்தி நல்லாத் தெரிஞ்சவரு. இப்படி ஒரு பேரே ஒலகத்துல இல்லைன்னாரு."

நான் மரத்தைப் பார்த்தேன்.

"இது ஒயின் போடற பழம்னாரு."

நான் அடுத்த மரத்தைப் பார்த்தேன்.

"குச்சி கேட்டாரு, குடுத்தேன். நெசப் பேரக் கண்டுபுடிச்சுச் சொல்றேன், போர்ட மாத்தீருங்கன்னாரு. நான் ஒத்துக்கலீங்க. எங்களுக்குச் சொன்னவரு பெரிய ஆளு, இத்தாலிக்கே போயிட்டு வந்தவருன்னுட்டேன்."

"நான் எங்கீங்க தம்பி போனேன்?"

"போயிட்டு வந்துட்டீங்க சார். மறந்துடாதீங்க. அவரு உங்க நம்பர் வாங்கிட்டுப் போயிருக்கறாரு, போன் பண்ணுவாரு. நீங்க ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொன்னா அசிங்கமாப் போயிரும். அதுக்குத்தான் நேர்ல வரச் சொன்னேன்."

என் முகத்தில் ஈயாடவில்லை. "பேரு பொய்யின்னு எப்பத் தெரியுங்க?"

"அப்பவேங்க. வாரேன்னு சொல்றத இத்தாலின்னு நம்பறதுக்கு நான் என்ன கிறுக்கனுங்களா? நாங்களும் அதத்தானுங்களே பேசறோம்."

"அப்ப அந்த மருந்து…" என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அதும் தெரியுங்க. எங்கப்பன் பக்கத்துல படுத்து வளந்தவன் நான், அந்த வாசம் எனக்குத் தெரியாதுங்களா? அதுக்குத்தான் வெட்டோணும்னேன். சீட்டுக் கொட்டகையெல்லாம் ஒரு சாக்குங்க. அம்மாகிட்டப் போயி, நீயுமான்னு கேக்க எனக்கு வாய் வரலை. கொடி போயிட்டா எல்லாம் போயிரும்னு நெனச்சேன்."

"அப்பறம் ஏனுங்க வெட்டலை?"

அவர் ஒரு மிளகுச் சரத்தை இழுத்துப் பார்த்துவிட்டு விட்டார். "அம்மா சிரிச்சாங்கள்லங்க," என்றார். "நீங்க அந்தப் பேரச் சொன்னதும் உள்ள ஓடிப்போயிப் பாத்தரத்த உருட்டுனாங்களே, சிரிக்கற சத்தம் எனக்குக் கேக்கக்கூடாதுன்னு. எங்கம்மா சத்தமாச் சிரிச்சு நான் கேட்டதே இல்லீங்க. அப்பன் இருந்த வரைக்கும் பயம். அப்பறம் பழக்கம் உட்டுப்போச்சு. இப்பவும் யாராச்சும் அந்த போர்டச் சத்தமாப் படிச்சா உள்ள பாத்தரம் உருளும். நான் இங்க நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன்."

ஊரை ஏமாற்றிவிட்டதாக ஒரு வருடம் பயந்துகொண்டிருந்தவன் நான். கடைசியில் ஏமாந்தவன் நான் ஒருவன்தான். இந்தக் கண்டிப்பான மனிதர், வெறுக்கிற ஒரு வாசத்தைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு போர்டும் எழுதி வைத்திருந்தார்.

"எனக்குத் தெரியும்னு அம்மாகிட்டச் சொல்லீராதீங்க சார். தெரிஞ்சா மருந்து போடறத நிறுத்திப்போடுவாங்க," என்றார்.

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். எந்த ரகசியமும் தங்காத வாய் எனக்கு. அதில் இப்போது அம்மாவின் ரகசியம் ஒரு பக்கம், மகனின் ரகசியம் ஒரு பக்கம்.

அப்போது பந்தலடியில் ஈரோட்டுக்காரர் கிளம்பும் முன் கடைசியாக ஒருமுறை போர்டை உரக்கப் படித்தார். "வா… ரே… னோ!"

சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன. இந்தமுறை இரண்டு ஆள் உருட்டுகிற சத்தம். இரண்டாவது ஆள் யார் என்று எனக்குத் தெரியும். மகன் முகத்தில் அப்போதும் சிரிப்பு இல்லை, ஆனால் அந்தச் சத்தம் அடங்கும்வரை இருந்த இடத்திலிருந்து அவர் நகரவில்லை.

கோயிலுக்குப் போகிற பஸ் வந்தது. மனைவி ஏறவில்லை. "மருந்து குடிச்சிட்டுக் கோயலுக்குப் போறது நல்லதில்லீங்க, அடுத்த வருசம் வருவோம்" என்று பக்தியோடு சொன்னாள். கன்னம் சிவந்திருந்தது. கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பாட்டில் இருந்தது, வளைவுக்கு வேண்டும் என்றாள். எந்த வளைவுக்கு என்று நான் கேட்கவில்லை. வேண்டுதலுக்கு அறப்பளீஸ்வரர் இன்னும் காத்திருக்கிறார்.

கீழே போகிற பஸ் ஒரு மணி நேரம் கழித்து வந்தது. மனைவியை ஏற்றிவிட்டு நான் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினேன். அந்தக்கா பந்தலடியில் நின்றார். மகன் அவருக்குப் பின்னால், எங்கேயோ பார்க்கிற மாதிரி, பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போயிட்டு வாரேனுங்கக்கா," என்றேன்.

"'னோ'ங்கற வால் இல்லாமத்தான சொல்றீங்க சாமி?" என்று கேட்டார் அவர்.

"வால் இல்லாமத்தானுங்கக்கா. வாரேன்."

பஸ் நகர்ந்தது. பின்னால் அவர் சிரிப்பது ரோடு வரைக்கும் கேட்டது. அவர் வாசலிலேயேதான் நின்றார். பாத்திரம் எதுவும் உருளவில்லை.